சேது சீமைச் சுற்று: ராமேஸ்வரம் கோயிலைக் கடைசியாக வைத்து ஒரு பயண வழிகாட்டி

ராமேஸ்வரம் போகிறவர்களில் பெரும்பாலோர் இரவு ரயிலில் ஏறி, விடிகாலையில் இறங்கி, தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, மதியம் தனுஷ்கோடி, வழியில் கலாம் நினைவிடம், இரவு மறுபடி ரயில் என்று முடித்துக்கொள்கிறார்கள். நேரமில்லாதவர்களுக்கு அது போதும். நான்கு இரவு ஒதுக்க முடிகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: தீவைக் கடைசியில் வையுங்கள். தீவுக்குள்ளும் கோயிலைக் கடைசியில் வையுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பழைய சேது யாத்திரையே இந்த வரிசைதான். உப்பூரில் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கி, தேவிபட்டினத்தில் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று கரையோரமாக வந்து, பிறகுதான் தீவு. அங்கேயும் தனுஷ்கோடியில் சேது ஸ்நானம் முடித்துத்தான் ராமநாதசுவாமி. இந்த வரிசையில் போனால் இன்னொரு லாபமும் உண்டு. ராமேஸ்வரத்தின் பெரிய பிரகாரத்தைக் கட்டிய சேதுபதி மன்னர்களின் ஊர் ராமநாதபுரம். அந்த அரண்மனையை, கண்மாய்களை, மிளகாய்க் காட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பிரகாரத்துக்குள் நுழைந்தால், இந்த வறண்ட சீமையிலிருந்து இவ்வளவு பெரிய கட்டடமா என்று நிஜமாகவே மலைப்பு வரும்.

எப்போது போவது

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. யோசிக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்களில் தண்ணீர் இருக்கும், பறவைகள் இருக்கும், வெயில் தாங்கும். ஆனால் தை அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஆடி அமாவாசையும் அப்படியே. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்வருகிற ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஊரை நிறைத்துவிடும், தை முதல் வாரம் வரை அந்தக் கூட்டம் நீளும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும் வரக்கூடிய காலம். எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிப் பாதையை அடைத்துவிடுவார்கள், படகுச் சவாரிகளும் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும். வெயில் கொளுத்தினாலும் பனங்காட்டுப் பக்கம் பதநீர் கிடைக்கிற பருவம் அது. பதநீருக்காகவே வருகிறவர்களும் உண்டு.

எங்கே தங்குவது, எதில் சுற்றுவது

முதல் இரண்டு இரவு ராமநாதபுரம், அடுத்த இரண்டு இரவு ராமேஸ்வரம். ராமேஸ்வரத்திலேயே நான்கு இரவும் தங்கி உள்நாட்டுக்குப் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஊருக்கும் இடையே 55 கிலோமீட்டர், தினமும் பாலத்தைத் தாண்டிப் போய்வருவதிலேயே பாதி நாள் போய்விடும். ராமேஸ்வரம் ரயில்கள் பெரும்பாலும் ராமநாதபுரத்தில் நிற்கின்றன. விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரைதான் பக்கம்.

உள்நாட்டில் சுற்ற வாடகைக் கார் வசதி. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவிபட்டினம், திருப்புல்லாணி, கீழக்கரை, உத்தரகோசமங்கைக்கு ராமநாதபுரத்திலிருந்து வண்டி உண்டு, ஆனால் ஒரு நாளில் இரண்டு ஊருக்குமேல் பார்ப்பது கஷ்டம். தீவுக்குள் ஆட்டோ போதும். ஆட்டோக்காரர்கள் இத்தனை இடம், இவ்வளவு ரூபாய் என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். அதில் பாதி, ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிகிற சிறு தீர்த்தங்களும் மடங்களும்தான். உங்களுக்கு வேண்டிய நான்கைந்து இடத்தை மட்டும் சொல்லி, காத்திருப்பு நேரத்தையும் சேர்த்து, ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

முதல் நாள்: வடக்குக் கரை

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போங்கள். முதல் இலக்கு தொலைவில் இருப்பதாக வைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது. அந்தத் தொலைதூர இலக்கு காரங்காடு.

தொண்டிக்குத் தெற்கே பாக் நீரிணையை ஒட்டிய மீனவக் கிராமம் இது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பிச்சாவரம் மாதிரி பெரிய காடு இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை. ஓடைக்குள் நுழைந்ததும் இன்ஜின் சத்தம் குறைந்து, இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் தெரியும். ஓதம் வற்றிய, அதாவது கடல் உள்வாங்கிய நேரமாக இருந்தால் அவற்றுக்கு நடுவே நண்டுகள் வளைக்கு வளை ஓடுவதையும் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பறவைகள் அதிகம். மீன் சாப்பாடு கிடைக்குமா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். ஊரின் தேவாலயத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

அப்புறம் உப்பூர். வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். பெயருக்கேற்ப வெயில் மேலே படும்படி அமர்ந்திருக்கிறார். சிறிய கோயில், பத்து நிமிடம். யாத்திரை இங்கேதான் தொடங்குகிறது என்பதால் மட்டுமே நிற்கச் சொல்கிறேன்.

தேவிபட்டினத்தில் கொஞ்சம் நேரம் வேண்டும். கடலுக்குள் ஒன்பது கற்கள். ராமர் நவக்கிரகங்களாக நட்டு வழிபட்டதாக ஐதீகம். சுற்றிலும் சுவரும் நடைமேடையும் கட்டியிருப்பதால் குளம்போலத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது கடல்நீர்தான். ஓதம் ஏறினால் சில கற்கள் முழுகிவிடும், வற்றினால் ஒன்பதும் தலைகாட்டும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கற்களைச் சுற்றுகிறவர்கள் நவதானியத்தைத் தூவுவார்கள். அடியில் சேறும் உடைந்த தேங்காய் ஓடும் இருக்கும், காலைப் பார்த்து வையுங்கள். பரிகாரம் செய்துவைக்கிறோம் என்று வாசலிலேயே சூழ்ந்துகொள்வார்கள். வேண்டாம் என்றால் உறுதியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள்.

மாலையில் நேரம் மிச்சமிருந்தால் மேற்கே திரும்பி ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க் கரைக்குப் போய்வரலாம். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாரையால்கூட ஒரே மூச்சில் பறக்க முடியாதாம். அந்த வழியில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை களமெல்லாம் மிளகாய் காயும். உருண்டையாக, குண்டாக இருப்பது முண்டு மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்கிற களத்துக்குப் பக்கத்தில் நின்றாலே மூக்கு அரிக்கும். வீட்டுக்கு ஒரு கிலோ வாங்கிப்போங்கள், ஊர்ச்சந்தை விலை நகரத்துக் கடை விலையைவிடக் குறைவு.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் இந்த நாளின் தொடக்கத்தில் ஓரியூரைச் சேர்த்துக்கொள்ளலாம். போர்ச்சுகலிலிருந்து வந்த சேசுசபைத் துறவி அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலைவெட்டிக் கொல்லப்பட்ட இடம். அவருடைய ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பப்படும் செம்மணலை மக்கள் இன்றும் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். அப்போது இந்தச் சீமையை ஆண்டது கிழவன் சேதுபதி. அவர் பெயரை மனதில் வைத்திருங்கள், நாளைக்கு அவர் வீட்டுக்குத்தான் போகிறோம்.

இரண்டாம் நாள்: தெற்கும் அரண்மனையும்

இந்த நாளில் நேரக்கணக்கு முக்கியம். கோயில்கள் மதியம் அடைத்துவிடும், மாலையில்தான் திறக்கும். எனவே கோயில்களைக் காலையில் முடித்து, மதியத்துக்குக் கீழக்கரை, மாலைக்கு முன் அரண்மனை என்று வையுங்கள். அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு. எந்தக் கிழமை என்பதை விடுதியில் கேட்டு, அன்றைக்கு மாட்டாதபடி நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், கீழக்கரைப் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்கிற நேரமில்லை.

பறவை பார்க்கிறவர்கள் விடியலில் ஊரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குப் போய்விட்டுத் தொடங்கலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல் என்று மாவட்டம் முழுக்கப் பறவைக் காப்பகங்கள் இருக்கின்றன. அத்தனையும் விவசாயத்துக்கு வெட்டிய கண்மாய்கள். சிலவற்றுக்கு ராம்சர் என்கிற பன்னாட்டு ஈரநில அந்தஸ்தும் கிடைத்திருக்கிறது. கருவேல மரங்களில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டும். மழை பொய்த்த வருடத்தில் எதுவும் இருக்காது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உத்தரகோசமங்கை முதலில். ‘மண் முந்தியோ மங்கை முந்தியோ’ என்பது இந்த ஊரைப் பற்றிய பழமொழி. மாணிக்கவாசகர் பாடிய தலம். ஒரே மரகதக் கல்லில் செய்த ஆளுயர நடராஜர் இங்கே இருக்கிறார். வருடம் முழுக்க மேனியெல்லாம் சந்தனக்காப்பில் மூடியிருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனத்தைக் களைந்து, அபிஷேகம் செய்து, மறுபடி பூசிவிடுவார்கள். அந்த நாளில் மரகத மேனியைப் பார்க்க வருகிற கூட்டத்தை நினைத்தால், மற்ற நாளில் வெளியில் நின்று சந்தனக்காப்பைப் பார்ப்பதே நிம்மதி. சிவனுக்கு ஆகாது என்று மற்ற ஊர்களில் ஒதுக்கும் தாழம்பூவை இங்கே சாத்துகிறார்கள், அதையும் கவனியுங்கள்.

அடுத்தது திருப்புல்லாணி. 108 திவ்யதேசங்களில் ஒன்று. ஆதிஜெகநாதப் பெருமாள் மூலவர் என்றாலும், எனக்குப் பிடித்தது தர்ப்பசயன ராமர் சன்னதி. கடலரசன் வழிவிடுவானா என்று காத்துக்கொண்டு தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிற ராமர். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களுக்கு இங்கே பால் பாயசம் பிரசாதம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை, கடலைப் பார்த்தபடி ஒரு ஆஞ்சநேயர் கோயில். மன்னார் வளைகுடாக் கரை இது, காலையில் அலை அடங்கியிருக்கும்.

மதியம் கீழக்கரை. வள்ளல் சீதக்காதியின் ஊர். அவருடைய அடக்கத்தலம் இருக்கும் பெரிய ஜும்மா பள்ளிவாசலைக் கட்டாயம் பாருங்கள். முழுக்கக் கல்லால் கட்டியது. தூண், போதிகை, உத்திரம் எல்லாம் தமிழ்நாட்டுக் கோயில் ஸ்தபதிகளின் கைவேலை என்று பார்த்த உடனே தெரியும். மனித உருவமும் விலங்கு உருவமும் மட்டும் இல்லை, அந்த இடங்களில் பூவும் கொடியும். தலையை மூடிக்கொண்டு, அனுமதி கேட்டு உள்ளே போங்கள். வெளியே வந்ததும் தொதல் வாங்குங்கள். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய இனிப்பு. எண்ணெய் பளபளக்க, கரிய நிறத்தில், கத்தியில் ஒட்டாமல் வெட்டுப்பட வேண்டும், அதுதான் பதம். ஒரு வாரம் தாங்கும்.

ஏர்வாடி தர்கா இங்கிருந்து மேற்கே சற்றுத் தொலைவில். சுல்தான் சையது இபுராகிம் ஷஹீத் அடங்கிய இடம். எல்லா மதத்தாரும் வருகிறார்கள். மனநலம் குன்றியவர்களைக் கூட்டிவந்து தங்கவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. 2001 ஆகஸ்டில் இங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அந்த மாதிரிக் காப்பகங்களை அரசு மூடியது. வேண்டுதலோடு வந்திருக்கும் குடும்பங்கள் இப்போதும் இருப்பார்கள், அவர்கள் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள்.

மூன்றரை மணிக்காவது ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்க வேண்டும். கிழவன் சேதுபதி கட்டிய ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. உள்ளே போனதும் சுவர், வளைவு, கூரை எல்லா இடத்திலும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள். ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஒரு பக்கம், ஐரோப்பியர் வந்து அரசரைச் சந்திக்கிற காட்சி ஒரு பக்கம். ராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையால் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். ஆட்சி எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்ட விதம் அது. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்தச் சுற்றில் ஆள் குறைவாகவும் பார்க்க நிறையவும் இருக்கிற இடம் இதுதான் என்பேன்.

மூன்றாம் நாள்: பாலம் தாண்டி

காலையில் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் உண்டு. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போனது. பக்கத்திலுள்ள மண்டபம் முகாமில்தான் ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மருத்துவப் பரிசோதனைக்காக நிறுத்திவைத்தார்கள். பிற்பாடு அதே இடத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகள் தங்கினார்கள்.

பாம்பனில் எல்லோரும் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவார்கள். பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. போலீஸ் அபராதமும் போடும். பாலத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிறுத்திவிட்டு ஓரமாக நடந்து வந்து பாருங்கள். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்து நின்றது. அதற்குப் பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழையதில் இரண்டு கைகள்போலத் தூக்குப் பகுதி இரண்டாகப் பிளந்து மேலேறியது; புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. ரயில் வரும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு போனால் நல்லது. பாலம் தூக்குவதைப் பார்ப்பது அதிர்ஷ்டம்.

பாலம் இறங்கியதும் நேராக ஊருக்குள் போய்விடாமல், குந்துகாலுக்குத் திரும்புங்கள். சிகாகோ சென்ற விவேகானந்தர் மேற்கு நாடுகளிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கியது இங்கே. அவர் பயணத்துக்கு உதவிய பாஸ்கர சேதுபதியே வந்து வரவேற்றார். நினைவு மண்டபம் அமைதியான இடம். குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. காற்று பலமாக இருந்தால் படகு இல்லை, எனவே காலையிலேயே விசாரியுங்கள்.

ராமேஸ்வரம் போகிற வழியில் தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம்: கடலுக்குள் நீளும் நடைபாதையின் முனையில் ஒரு கிணறு, சுற்றிலும் உப்புநீர், உள்ளே நல்ல தண்ணீர். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. 2017 ஜூலை 27-இல் திறந்தது. கூட்டம் எப்போதும் உண்டு. ஊருக்குள் மசூதித் தெருவிலுள்ள அவருடைய வீடு எனக்கு இதைவிட நெருக்கமாகப் பட்டது; மாடியில் காட்சியகம், கீழே படிக்கட்டே இடிக்கிற அளவுக்குச் சின்ன வீடு.

சூரியன் மறைவதற்கு கந்தமாதன பர்வதம். தீவின் உயரமான இடம், மணல்மேடுதான். ராமர் பாதம் உள்ள மண்டபத்தின் மாடியில் நின்றால் ஊரும் கோபுரமும் கடலும் தெரியும்.

மிதக்கும் கல் காட்டுகிறோம் என்று சில இடங்களில் உண்டியலோடு தொட்டி வைத்திருப்பார்கள். நுண்துளை நிறைந்த கல் மிதக்கும், அவ்வளவுதான், நேரமிருந்தால் பாருங்கள். கடைகளில் பவளப்பாறைத் துண்டோ சங்கோ காட்டினால் கவனம். பவளமும் பல வகைச் சிப்பி, சங்குகளும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, வாங்கினாலும் வைத்திருந்தாலும் குற்றம்.

நான்காம் நாள்: தனுஷ்கோடி, விடியலில்

மதியம் போகிற கூட்டத்தோடு போகாதீர்கள். சோதனைச் சாவடி திறந்ததும் முதல் வண்டிகளில் உள்ளே போய்விடுங்கள். மாலையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், எனவே நான்கு மணிக்குமேல் புறப்படுவதில் பயனில்லை. அரசுப் பேருந்தும் உண்டு.

காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கரையில் ஐம்பது, அறுபது பாகம் இடைவெளி விட்டு இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர். கயிற்றை இடுப்பில் சாய்த்துப் பின்னாலேயே நடந்து வருவார்கள். கடைசி ஆள் எல்லைக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடி, தண்ணீர் விளிம்பில் மறுபடி பிடிப்பார். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கும். வலையின் மடி கரை தட்டும்போது சத்தம் கூடும், காக்கையும் நாயும் வந்துவிடும். சூடை, நெத்திலி, காரல் என்று வெள்ளியாகத் துள்ளும். சில நாள் பாசியும் சொறிமீனும்தான். கேட்டால் கயிற்றைப் பிடிக்க விடுவார்கள். உள்ளங்கை தோல் போகும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் போன ஊர் இது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அதுவரை சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்பு போகலாம். இடிந்த தேவாலயத்தின் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பவளப்பாறைக் கல்லை அறுத்து அடுக்கியிருப்பார்கள், பூப்போன்ற கோடுகள் இன்னும் தெரியும். சுவரில் ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள். மீனவக் குடும்பங்கள் இப்போதும் குடிசைகளில் வாழ்கிறார்கள். கடலிலிருந்து சில அடி தள்ளி மணலில் கையால் தோண்டிய ஊற்றில் அவர்கள் மொண்டு குடிப்பது நல்ல தண்ணீர்.

அங்கிருந்து சாலை நேராக அரிச்சல்முனை போகிறது. 2017-இல் திறந்த சாலை. இடதுபக்கம் பெண்கடல், வலதுபக்கம் ஆண்கடல் என்பார்கள். ஒன்று அமைதி, மற்றொன்று கொந்தளிப்பு. காற்று மாறினால் இந்தக் குணமும் இடம் மாறும். முனையில் இறங்கிக் குளிக்கவே கூடாது, இரண்டு நீரோட்டமும் மோதுகிற இடம். சேது ஸ்நானம் செய்கிறவர்கள், இன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அங்கிருக்கும் மீனவர்களைக் கேட்டு, முழங்கால் அளவோடு நின்றுகொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணனுக்குப் பட்டம் கட்டிய இடமாகச் சொல்லப்படுகிறது. 1964 புயலில் தப்பி நின்றது. சுற்றியுள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்பில் ஜனவரிக்குப் பிறகு பூநாரைகள் இறங்கும். 2025-இல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. வண்டியிலிருந்தே பாருங்கள், அருகில் நடந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும்.

மதியம் தூங்குங்கள். நாளைக்கு நான்கு மணிக்கு எழ வேண்டும்.

ஐந்தாம் நாள்: ராமநாதசுவாமி

உலர்ந்த உடையில் ஐந்து மணிக்குள் கோயிலுக்குப் போய் ஸ்படிக லிங்க தரிசனத்தைப் பார்த்துவிடுங்கள். அந்த அதிகாலை ஒரு மணி நேரம் மட்டும்தான். கைப்பேசி உள்ளே அனுமதி இல்லை, அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பிறகு அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, ஈரத்தோடு 22 தீர்த்தம். சீட்டைக் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். வரிசை இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்று வெளியே அழைக்கிறவர்கள் பல மடங்கு கேட்பார்கள். கிணற்றுச் சுவர்மேல் கால் அகட்டி நிற்கிறவர் வாளியை இறக்கிய வேகத்திலேயே இழுத்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையில் கொட்டிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். பத்தடி இடைவெளியில் உள்ள கிணறுகளுக்குள்ளேயே சில உப்புக் கரிக்கும், சில தித்திக்கும். தரை முழுக்க ஈரம். வயதானவர்களின் கையை விடாதீர்கள். அடர்த்தியான நிறத்தில் பருத்தி உடை போடுவது பெண்களுக்கு வசதி. ஈர உடையோடு கருவறைப் பக்கம் விடமாட்டார்கள், மாற்றுத்துணியைக் கையிலேயே வைத்திருங்கள்.

உடை மாற்றி, தரிசனம். அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதருக்கே இங்கே முதல் பூஜை, பிறகுதான் சீதை மணலில் பிடித்த ராமநாதருக்கு. எல்லாம் முடிந்ததும் மூன்றாம் பிரகாரத்தை முழுதாக ஒரு சுற்று நடங்கள். 1212 தூண்கள், முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை. தென்மேற்கு மூலையில் நின்று நீளவாக்கில் பார்த்தால் கடைசித் தூண் கண்ணுக்குப் பிடிபடாது.

மதியம் ஒரு மணிக்கு நடை சாத்துவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வடஇந்தியச் சைவச் சாப்பாடு தாராளம். மீன் வேண்டுமென்றால் பஸ் நிலையப் பக்கம் போக வேண்டும்; விசைப்படகு கரைக்கு வந்த நாளா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஊர் திரும்ப மாலை ரயிலையே எடுங்கள், பாம்பன் பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் தாண்டுகிற வண்டியாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். வார இறுதிகளில் சென்னை ரயில்கள் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் மதுரைக்குப் பேருந்து எந்நேரமும் உண்டு.

மூன்றே நாள்தான் இருக்கிறது என்றால் முதல் நாளை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாம் நாளில் உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, அரண்மனை மூன்றோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே நாளாகச் சுருக்குங்கள். அரண்மனையை மட்டும் வெட்டாதீர்கள்.